‘இண்டெக்ஸை நீக்குங்கள்’ என்று சொன்ன பெட்டி: ஒரு பால் சொசைட்டியில் பிழைச் செய்திகளை மாற்றி எழுதிய அனுபவம்

காலை 5.40. பால் சொசைட்டி வாசலில் கேனும் தூக்குவாளியுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். உள்ளே ஒருவர் பாலை அளந்து, மாதிரி எடுத்து, கொழுப்பும் டிகிரியும் (லாக்டோமீட்டர் காட்டும் அளவு) பார்த்துச் சொல்கிறார். மேசையில் இருக்கும் அக்கா அதைக் கணினியில் ஏற்றுகிறார். உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, டிகிரி, என்டர். அடுத்த ஆள். திடீரென்று திரை நடுவில் ஒரு பெட்டி வருகிறது, அது முழுக்க ஆங்கிலம். அக்கா அதைப் படிப்பதில்லை. ஓகே, எஸ்கேப், எஸ்கேப். பெட்டி போய்விட்டது. அடுத்த ஆள்.

அந்த இரண்டு எஸ்கேப்புகளால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் செய்த ஃபார்மில் முதல் எஸ்கேப் நீங்கள் நிற்கும் கட்டத்தை மட்டும் பழையபடி ஆக்கும். இரண்டாவது எஸ்கேப் அந்த ரெக்கார்டு முழுவதையும், அதாவது அந்த ஆளின் எண்ட்ரி மொத்தத்தையும், துடைத்துவிடும். பால் கேனுக்குள் போய்விட்டது, கணக்கில் ஏறவில்லை. பட்டுவாடா அன்று ஒரு பெரியவர் தன் பால் அட்டையைக் கொண்டுவந்து நீட்டி, செவ்வாய்க்கிழமை சாயங்காலப் பால் எங்கே என்று கேட்டார். அட்டையில் கையால் எழுதியது இருக்கிறது, கணினிப் பட்டியலில் இல்லை. தேடிப் பார்த்தால் அவருக்கு மட்டும் அல்ல, வேறு சிலருக்கும் இப்படி ஒவ்வொரு வேளை விடுபட்டிருந்தது.

‘அந்த இங்கிலீஷ் பெட்டியைத் தமிழில் வர வைக்க முடியுமா’ என்றுதான் செயலாளர் கேட்டார். மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும், அரை நாள் வேலை என்று நானும் நினைத்துத்தான் போனேன்.

பெட்டி சொன்னது என்ன

அதிகம் வந்துகொண்டிருந்தது 3022. ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்று வைத்திருக்கும் இடத்தில் அது மறுபடி வந்தால் ஆக்சஸ் கொடுக்கும் எண் இது. இங்கே உறுப்பினர் எண், தேதி, வேளை மூன்றும் சேர்ந்து ஒரு யூனிக் இண்டெக்ஸ். ஒருவர் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறைதான் பால் ஊற்ற முடியும் என்பது அதன் பொருள்.

அந்தச் செய்தியின் முதல் பகுதி, நீங்கள் டேபிளில் செய்யக் கேட்ட மாற்றம் நடக்கவில்லை, நடந்தால் இண்டெக்ஸிலோ பிரைமரி கீயிலோ ரிலேஷன்ஷிப்பிலோ இரட்டை மதிப்பு உண்டாகும் என்கிறது. இரண்டாம் பகுதி யோசனை சொல்கிறது. இரட்டையாக இருக்கும் விவரத்தை மாற்றுங்கள், அல்லது இண்டெக்ஸை நீக்குங்கள், அல்லது இரட்டைப் பதிவை அனுமதிக்கும்படி இண்டெக்ஸைத் திருத்தி மறுபடி முயலுங்கள்.

டேபிளை வடிவமைக்கிறவருக்கு இது சரியான செய்திதான். ஆனால் வரிசையில் நிற்கும் ஆளுக்கு எண்ட்ரி போடுகிறவரிடம், காவலுக்கு வைத்த பூட்டைக் கழற்றி எறியுங்கள் என்று சொல்லலாமா? சொல்வதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, அதை ஒருவர் செய்தும் காட்டியிருக்கிறார். அக்காதான் சொன்னார்: “முன்னாடி கம்ப்யூட்டர் பாக்க வந்தவரு இந்தப் பெட்டியே வராம பண்ணிக் கொடுத்தாரு தம்பி. ஒரு மாசம் நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் பார்த்தா சில பேருக்கு ரெண்டு தடவை பணம் போயிருக்கு. திரும்ப வர வெச்சோம்.” வந்தவர் பெட்டி சொன்னபடியே இண்டெக்ஸை எடுத்திருக்கிறார்.

மற்றவையும் இதே ரகம். கொழுப்புக் கட்டத்தில் 4.2 என்று அடிக்கப் போய்ப் புள்ளிச் சாவி இரட்டையாக விழுந்து 4..2 ஆகிவிட்டால் 2113. புது உறுப்பினரின் செல்பேசி எண்ணில் ஒரு இலக்கம் குறைந்தால் 2279. அந்தச் செய்தி, நீங்கள் அடித்தது இன்புட் மாஸ்க்குக்கு (கட்டத்தில் எத்தனை இலக்கம் வர வேண்டும் என்று வைத்த அச்சு) பொருந்தவில்லை என்று சொல்லி மாஸ்க்கையே மேற்கோளில் காட்டும். இங்கே அது வெறும் பத்து பூஜ்யம். அக்கா அதைப் பார்த்துவிட்டு, உறுப்பினருக்குப் பூஜ்யம் போடச் சொல்கிறது போல என்று நினைத்திருக்கிறார். உறுப்பினர் எண் 118-க்குப் பதில், யாருக்கும் இல்லாத 1118 என்று அடித்தால் 3201, தொடர்புடைய ரெக்கார்டு இன்ன டேபிளில் தேவை என்று. கட்டாயக் கட்டம் காலியாக இருந்தால் 3314.

முதலில் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தது

நான் எதையும் உடனே மாற்றவில்லை. ஆக்சஸ் ஃபார்முக்கு ‘ஆன் எர்ரர்’ என்று ஒரு நிகழ்வு உண்டு, அது நடக்கும்போது ஓட வேண்டிய கோடை நாம் எழுதிவைக்கலாம். பெட்டி திரைக்கு வருவதற்கு முன் அந்த நிகழ்வு நடக்கும். அதற்குள் இரண்டு விஷயங்கள் கையில் கிடைக்கும். ‘டேட்டா எர்’ என்பதில் பிழையின் எண் இருக்கும். ‘ரெஸ்பான்ஸ்’ என்பதில் நாம் பதில் சொல்லலாம்: 1 என்றால் வழக்கமான பெட்டியைக் காட்டு, 0 என்றால் காட்டாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். எந்தக் கட்டத்தில், ஏன் என்றெல்லாம் அது சொல்லாது. அப்போது கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நிகழ்வில் பிழை எண், கட்டத்தின் பெயர், கட்டத்தில் அடித்திருந்தது, நேரம் நான்கையும் தனி டேபிளில் எழுதிவைக்கும்படி செய்தேன். ரெஸ்பான்ஸை 1-லேயே விட்டுவிட்டேன். அக்காவுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு வாரம் கழித்து அந்த டேபிளைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. 3022 வந்த பல இடங்களில் அதே உறுப்பினருக்குச் சில நிமிடங்கள் முன்பு வேறு அளவில் ஒரு பதிவு இருந்தது. முன்னது 5.5 லிட்டர், கொழுப்பு 4. பின்னது 3 லிட்டர், கொழுப்பு 6.8.

இது தப்பாக இரண்டு முறை அடித்தது இல்லை. மாடு வைத்திருக்கிற யாருக்கும் பார்த்த உடனே புரியும். முதலில் வந்தது பசும்பால், அடுத்து வந்தது எருமைப்பால். வீட்டில் இரண்டும் இருக்கிறது. அப்பா பசும்பாலை ஊற்றிவிட்டுப் போகிறார், எருமை கறந்து முடித்ததும் பையன் கொண்டுவருகிறான். இதற்கு அந்த ஃபார்மில் வழியே இல்லை. வேலைக்கு இருந்த விதி டேபிளில் இருந்த விதியோடு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அக்காவின் கையில் எந்தப் பிசகும் இல்லை.

இதை நான் பதிவுகளைப் பார்த்து மட்டும் கண்டுபிடித்தேன் என்று சொல்ல முடியாது. தமிழ்ச் செய்தியை எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு செய்தியும் இரண்டு வாக்கியம் என்று முடிவு செய்திருந்தேன்: என்ன ஆயிற்று, இப்போது என்ன செய்ய வேண்டும். 3022-க்கு முதல் வாக்கியம் எளிதாக வந்தது. ‘இவர் இந்த வேளைக்கு ஏற்கெனவே பால் ஊற்றியிருக்கிறார்.’ சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்? கையில் கேனோடு ஒரு பையன் நிற்கிறான். அக்கா அவனிடம் என்ன சொல்ல வேண்டும்? என்னிடம் பதில் இல்லை. செயலாளரிடம் போனேன். அவர் யோசித்துவிட்டு, பசுவும் எருமையும் தனித்தனி எண்ட்ரியாகவே இருக்கட்டும், விலையும் வேறுதானே என்றார். டேபிளில் பால் வகை என்று ஒரு பத்தி சேர்த்து, யூனிக் இண்டெக்ஸில் அதையும் நான்காவதாகச் சேர்த்தேன். 3022 பெருமளவு குறைந்தது அதனால்தான்.

எந்தப் பிழையை எங்கே பிடிப்பது

இதில் பலரும் குழம்புவார்கள். எல்லாவற்றையும் ‘ஆன் எர்ரர்’ நிகழ்விலேயே பிடித்துவிடலாம் என்று தோன்றும். செய்யலாம், ஆனால் 3022 வரும்போது எந்த இண்டெக்ஸ், எந்த ரெக்கார்டோடு மோதியது என்ற தகவல் அங்கே இல்லை. ஃபார்மின் ‘பிஃபோர் அப்டேட்’ நிகழ்வு அதற்கு முன்னாலேயே நடப்பது. சேமிக்கப் போகும் கணத்தில் நாமே டேபிளைத் தேடிப் பார்த்து, இருந்தால் சேமிப்பை ரத்து செய்யலாம். தேடிக் கிடைத்த ரெக்கார்டு கையில் இருப்பதால், எத்தனை மணிக்கு, எத்தனை லிட்டர் என்று செய்தியிலேயே சொல்லிவிடலாம். 3201, 3314 இரண்டுக்கும் இதே இடம்தான்.

ஆனால் 4..2 போன்றவை ‘பிஃபோர் அப்டேட்’ வரை வராது. எண் கட்டத்தில் எண்ணாக மாற்ற முடியாதது விழுந்த உடனே, கட்டத்தை விட்டு நகரும் முன்பே 2113 வந்துவிடும். 2279-உம் அப்படியே. இவற்றுக்கு ‘ஆன் எர்ரர்’ மட்டும்தான் வழி. அங்கே அடித்ததை நானே அழிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். 4..2 அப்படியே கட்டத்தில் நிற்கட்டும். என்ன அடித்தோம் என்று கண்ணால் பார்த்தால் ஒரு புள்ளியை எடுத்துவிட்டுப் போய்விடலாம். அழித்துவிட்டால் டெஸ்டரிடம் மறுபடி கொழுப்பு எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

எனக்குத் தெரியாத எண் எது வந்தாலும் ரெஸ்பான்ஸ் 1. ஆங்கிலப் பெட்டியே வரட்டும். எல்லாவற்றுக்கும் 0 போட்டு வாயை அடைத்துவிட்டால் ரெக்கார்டு சேமிக்கவும் செய்யாது, ஏன் என்றும் சொல்லாது. என்டர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். புரியாத செய்தியைவிடப் பல மடங்கு மோசம் அது.

இன்னொன்றும் கிடைத்தது. விடுபட்ட பதிவுகளில் சில, வரிசையில் கடைசியாக நின்றவருடையவை. எஸ்கேப்பை மட்டும் காரணமாகச் சொன்னால் அது பொருந்தவில்லை. ஃபார்மில் ‘மூடு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதன் பின்னால் ‘டூ கமாண்ட் குளோஸ்’ என்ற ஒரே வரி. ஆக்சஸில் இது பழைய பொறி. மூடும்போது ரெக்கார்டைச் சேமிக்க முடியாத நிலை இருந்தால், உதாரணமாகக் கட்டாயக் கட்டம் ஒன்று காலியாக இருந்தால், இந்தக் கட்டளை ஒரு வார்த்தையும் சொல்லாமல் ரெக்கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபார்மை மூடிவிடும். கடைசி ஆளின் டிகிரி வர இரண்டு நிமிடம் ஆனது, அக்கா அதற்குள் மூடிவிட்டார், முடிந்தது கதை. முதலில் சேமி, சேமிக்க முடிந்தால் மட்டும் மூடு என்று அந்தப் பொத்தானை மாற்றினேன். கோட் வழியாகச் சேமிக்கும்போது வரும் பிழையை அந்தப் பொத்தானின் கோடிலேயே ‘ஆன் எர்ரர் கோ டூ’ வைத்துப் பிடிப்பதுதான் வழி, ஃபார்மின் நிகழ்வை நம்பக்கூடாது.

தமிழில் எழுதினால் கேள்விக்குறி

ஆக்சஸுக்குக் கோட் எழுதும் மொழி விபிஏ. அதன் எடிட்டரில் தமிழை ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் அந்த எடிட்டருக்குத் தெரியாது. சரி, டேபிளில் தமிழில் எழுதிவைத்து அங்கிருந்து எடுத்து மெசேஜ் பாக்ஸில் கொடுக்கலாம் என்று பார்த்தால், அங்கேயும் கேள்விக்குறிதான். விபிஏயின் மெசேஜ் பாக்ஸும் பழைய எழுத்துமுறைக்கு மாற்றித்தான் காட்டும், அந்த முறையில் தமிழுக்கு இடமே கிடையாது. ஆனால் ஆக்சஸின் டேபிளும் ஃபார்மும் யூனிகோடை நன்றாகவே காட்டும். அதனால் செய்திகளை எல்லாம் ஒரு டேபிளில் வைத்தேன்: பிழை எண், கட்டத்தின் பெயர், செய்தி. சின்னதாக ஒரு பாப்-அப் ஃபார்ம் செய்து, பெரிய எழுத்தில் செய்தி, கீழே ஒரே ஒரு ‘சரி’ பொத்தான், ஓரத்தில் சிறியதாகப் பிழை எண். கோடில் தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை, எண்ணைக் கொடுத்து டேபிளில் இருந்து எடுப்பது மட்டும்தான்.

இதில் நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று இருந்தது. செய்தி டேபிளில் இருப்பதால் அக்காவே திருத்த முடிந்தது. நான் ‘உறுப்பினர் எண் காணப்படவில்லை. சரியான எண்ணை உள்ளிடவும்’ என்று எழுதியிருந்தேன். அவர் அதை ‘இந்த எண்ணில் யாரும் இல்லை. அட்டையை வாங்கிப் பாருங்கள்’ என்று மாற்றினார். எண் வாய்மொழியாகத்தான் வருகிறது, தப்பு அங்கேதான் நடக்கிறது, அட்டையை வாங்கிப் பார்த்தால் தீர்ந்தது என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அப்புறம் ‘தவறு’, ‘பிழை’, ‘செல்லாது’ என்று எங்கெல்லாம் எழுதியிருந்தேனோ அங்கெல்லாம் எடுக்கச் சொன்னார். “எதிர்ல நிக்கிறவங்க கண்ணுக்கும் இது தெரியும் தம்பி. பெருசா தமிழ்ல ‘தவறு’ன்னு வந்தா, என் பால்ல தவறுங்கிறியா, உன் கணக்குல தவறான்னு கேப்பாங்க. காலங்காத்தால யாரு பதில் சொல்றது?” ஆங்கிலப் பெட்டியை யாரும் படிக்கவில்லை. தமிழ்ப் பெட்டியை எல்லோரும் படிப்பார்கள். இது எனக்கு உறைக்கவே இல்லை.

முதல் தேதி

ஆகஸ்ட் 18-ஆம் தேதி புது ஃபார்ம் வேலைக்கு வந்தது. மாதக் கடைசி வரை ஒரு சிக்கலும் இல்லை. செப்டம்பர் 1, காலை 5.45-க்கு என் போன் அடித்தது.

“தம்பி, வர்ற ஆள் எல்லாம் ஏற்கெனவே ஊத்திட்டாங்கன்னு சொல்லுது. முதல் ஆளுக்கே சொல்லுது. இன்னும் யாருமே ஊத்தல.”

“எத்தனை லிட்டர்னு காட்டுதுக்கா?”

“நாலு லிட்டர்ங்குது. அவரு ஏழு கொண்டாந்திருக்காரு. ஊத்தவே இல்லைன்னு சத்தம் போடுறாரு.”

நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். காரணம் தேதி. தேடும் கட்டளையில் தேதியை # குறிகளுக்கு நடுவே வைக்க வேண்டும். நான் ஃபார்மில் இருந்த தேதியை அப்படியே ஒட்டியிருந்தேன். நம் கணினியில் தேதி நாள்-மாதம்-வருடம் என்று இருப்பதால் அது #01-09 என்று போயிருக்கிறது. ஆக்சஸ் அந்தக் குறிகளுக்குள் இருப்பதை முதலில் அமெரிக்க முறையில் மாதம்-நாள் என்றுதான் படிக்கப் பார்க்கும். செப்டம்பர் 1-ஐ அது ஜனவரி 9 என்று எடுத்துக்கொண்டது. ஜனவரி 9 காலையில் ஏறக்குறைய எல்லோரும்தான் பால் ஊற்றியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 18-இல் இருந்து 31 வரை ஏன் சரியாக இருந்தது? பதினெட்டாவது மாதம் என்று ஒன்று இல்லாததால், அந்தத் தேதிகளை மட்டும் ஆக்சஸ் தானாகவே திருப்பிப் படித்துக்கொண்டது. 12-ஆம் தேதிக்குப் பிறகு சோதித்துப் பார்த்தால் இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது.

சரிசெய்வது ஒரு வரிதான். # குறிகளுக்குள் தேதியை வருடம்-மாதம்-நாள் என்று வடிவமைத்துக் கொடுத்தால் குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் என்னை வருத்தியது வேறு. பழைய ஆங்கிலப் பெட்டியாக இருந்தால் அக்கா நம்பியிருக்க மாட்டார், எஸ்கேப் அடித்துவிட்டுப் போயிருப்பார். நான் எழுதிய செய்தி தெளிவான தமிழில், லிட்டர் கணக்கோடு, உறுதியாகப் பொய் சொன்னது. முதல் ஆளைப் பார்த்ததும் அக்காவே ஒரு கணம், விடியற்காலையில் நான்தான் மறந்துவிட்டேனோ என்று நினைத்தாராம். செய்தியில் நான் ‘இந்த வேளைக்கு’ என்று எழுதியிருந்தேன். கிடைத்த ரெக்கார்டில் இருக்கும் தேதியைக் காட்டியிருந்தால், ஜனவரி 9 என்று பார்த்த உடனே அவருக்கே புரிந்திருக்கும். அன்றைக்கே செய்தியை மாற்றினேன். நாள், நேரம், வகை, லிட்டர் நான்கும் டேபிளில் கிடைத்த ரெக்கார்டில் இருந்தே வரும், ஃபார்மில் இருந்து எதுவும் எடுக்காது.

பழைய எண்ட்ரியைத் திருத்தும்போது அந்த ரெக்கார்டே தன்னைத்தானே கண்டுபிடித்து ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று சொன்ன ஒரு கோளாறும் இருந்தது. தேடலில் இந்த ரெக்கார்டின் சொந்த எண்ணைத் தவிர்த்துத் தேடு என்று சேர்த்ததும் போய்விட்டது.

அக்டோபர் 1 அன்று நானே காலை 5.30-க்குப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முதல் ஆள் ஏறினார். இரண்டாம் ஆள் ஏறினார். கொஞ்ச நேரம் கழித்துப் பள்ளிச் சட்டை போட்ட ஒரு பையன் தூக்குவாளியோடு வந்து அட்டையை நீட்டினான். அக்கா எண்ணை அடித்து, லிட்டர், கொழுப்பு, டிகிரி அடித்து, என்டர் அடித்ததும் பெட்டி வந்தது.

‘அக்டோபர் 1 காலை 5.42: பசும்பால் 6.5 லிட்டர் பதிவாகியிருக்கிறது. இது எருமைப்பாலா என்று கேளுங்கள்.’

அக்கா திரையைப் பையன் பக்கம் லேசாகத் திருப்பினார். “அப்பா வந்து ஊத்திட்டுப் போயிட்டாரேடா?”

“இது எருமை” என்றான்.

வகையை மாற்றி என்டர் அடித்தார். அடுத்த ஆள்.